படகு 17, வலை 17



பழவேற்காட்டு ஏரிக் கிராமங்களின் மீன்பிடிப் பதிவேட்டைத் தரவுத்தளமாக்கப் பார்க்கும்போது, ஒரே புகைப்படம் எதனோடு சேரும் என்பதே சிக்கலாகிறது. அது படகின் படமாக இருக்கலாம், வலையின் படமாகவும் இருக்கலாம், மீன்பிடி இடத்தினதாகவும் இருக்கலாம். ரெயில்ஸ், லாராவெல் போன்ற இணையச் செயலிச் சட்டகங்கள் இதற்குச் சுலபமான வழி சொல்கின்றன: பட டேபிளில் வகைக்கு ஒரு நெடுவரிசை, எண்ணுக்கு ஒன்று. ‘படகு, 17’ ஒரு பொருள், ‘வலை, 17’ வேறு பொருள். பாலிமார்ஃபிக் உறவு என்பது இதுதான். நாளைக்கு ஐஸ் பெட்டி சேர்ந்தாலும் டேபிளைத் தொட வேண்டியதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபாரின் கீ ஒரு குறிப்பிட்ட டேபிளையே சுட்டும். இங்கே எந்த டேபிள் என்பதை உன் நிரல்தான் படித்துத் தெரிந்துகொள்கிறது. படகு 17 அழிக்கப்பட்டாலும் படத்தின் வரி அப்படியே நிற்கும். ரெயில்ஸ் வகையாகக் கிளாஸின் பெயரையே எழுதி வைப்பதால், பெயரை மாற்றினால் பழைய வரிகள் எல்லாம் திசை தெரியாமல் போகும்.

படம் தொலைந்தால் யாருக்கும் கஞ்சி போகாது. உரிமை அப்படியல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஊர்களில் சுத்து வலைக்குப் பாடு முறை உண்டு: ஏரியின் நல்ல இடங்கள் முறைவைத்துச் சுழலும். முறை தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத் தலைவனுக்கு, உரியது. படகுக்கோ வலைக்கோ அல்ல. முறை டேபிளில் ‘வகை’ என்று ஒரு நெடுவரிசை வைத்தால், யாரோ ஒருநாள் அதில் ‘படகு’ என்று எழுதுவார்கள். ஊர் ஒருபோதும் ஏற்காததைத் தரவுத்தளம் முனகாமல் ஏற்றுக்கொள்ளும்.

நிரலிலேயே சரிபார்த்துக்கொள்ளலாமே என்பாய். எக்செல் கோப்பை நேராக டேபிளில் இறக்குகிறவர் உன் நிரலைக் கேட்டா இறக்குவார்? வகை-எண் ஜோடிக்குப் பதிலாகப் படகுக்கும் வலைக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்தால் காலிக் கட்டங்கள் நிறையும் என்பது இன்னொரு குறை. காலிக் கட்டத்துக்கு இடம் அதிகம் பிடிக்காது. ‘ஒன்றில் மட்டும் எண் இருந்தே ஆக வேண்டும்’ என்று செக் விதி போட்டால் தவறான வரி உள்ளேயே வராது. வகைகள் பத்து, இருபது என்று பெருகும்போதுதான் அந்த வழி கனக்கும்.

ஆகவே முறை டேபிளில் தலைக்கட்டு எண், பாட்டிட எண் இரண்டையும் நேரடி ஃபாரின் கீயாக வை. படங்களுக்கு வகை-எண் ஜோடி போதும். கூடவே, ஆளில்லாத எண்ணைச் சுட்டும் வரிகளைத் தேடும் வினவல் ஒன்றை வாரம் ஒருமுறை ஓடவிடு.