சிக்கன் சமைக்கிற நாளில் சிங்க் மேல் ஒரு கண்!

சூப்பர் மார்க்கெட் சிக்கனில் மருந்துக்கு மசியாத கிருமி இருக்காமே, இனி பிள்ளைக்குக் கறியே கொடுக்கக் கூடாதா அக்கா என்று கேட்டாயே. தாராளமாகக் கொடு. ஆபத்து குழம்புச் சட்டியில் இல்லை தங்கச்சி, கறி கழுவுகிற சிங்க்கில்தான்.

கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அதைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியாதான் கறியோடு வீடு வருகிறது. ஐசியூவில் வேறெதுவும் கேட்காதபோது போடுகிற மருந்து கொலிஸ்டின். அதையும் எதிர்க்கிற ஒரு மரபணுவை 2015-ல் சீனாவில் பன்றிகளிலும் கடைக் கறியிலும் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் கோழிகளுக்குக் கொலிஸ்டினைக் கொடுக்கக் கூடாதென்று தடை வந்தது 2019 ஜூலையில்தான். அதுவரை விட்டுவைத்தார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்கு அடங்கிவிடும். கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் போதும். தளதளவென்று கொதிக்கிற குழம்பில் கவலையில்லை. வறுத்த லெக் பீஸ்தான் ஏமாற்றும். மேலே மொறுமொறுவென்றிருக்கும், எலும்போரம் வெந்திருக்காது. கீறிப் பார்த்து இறக்கு.

குழாயைத் திறந்துவிட்டுக் கறியை அலசாதே. தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் கவிழ்த்த டம்ளர் வரை போகும். பாக்கெட் கறியைக் கழுவவே தேவையில்லை. மனசு கேட்காவிட்டால் அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, சாய்த்து ஊற்று. உடனே சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய். மஞ்சளும் உப்பும் கவிச்சியைத்தான் போக்கும். கறி தொட்ட கையோடு குழாயைத் திருகியிருப்பாய், அதையும் துடை.

தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தை முதலில் நறுக்கி மூடிவை, பிறகு கறியைத் தொடு. டிரேயில் தேங்குகிற அந்த இளஞ்சிவப்பு நீர் கொத்தமல்லிக் கட்டில் சொட்டக் கூடாது. கறியை மூடி போட்ட டப்பாவில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவே. உறைந்த கறியை மேடையில் போட்டு இளக்காதே. முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடு.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக்கை நீயாகக் கொடுக்காதே. ஓஆர்எஸ் கரைத்துக் கொடு. மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ, சோர்வோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.