ஆபீஸ் போனுக்குப் பட்ஜெட் போடும் பிள்ளைகளுக்கு

போன், வீடியோ கூட்டம், சாட், மொபைல் ஆப் எல்லாவற்றையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்துத் தருவதை யூ.சி. என்கிறார்கள். இதற்குப் பட்ஜெட் போடும் வேலை பெரும்பாலும் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்தவர் தலையில்தான் விழுகிறது. நீங்களும் மூன்று கொட்டேஷனை வாங்கி வைத்துக்கொண்டு எதில் விலை குறைவு என்று பார்க்கிறீர்கள். அந்தத் தாளில் கருவியின் விலை இருக்கும். உங்களை அழைப்பவருக்குப் பதில் கிடைக்குமா என்பது இருக்காது. என் அனுபவத்தில் ஒவ்வொரு ரூபாயையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1. முதலில் அழைப்புகளை எண்ணுங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை மேசை என்பதெல்லாம் பிறகு. ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரத்தில் கூட்டம் அதிகம், அப்போது எத்தனை அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைப் ஆபீஸின் பழைய எக்ஸ்சேஞ்சான இ.பி.ஏ.பி.எக்ஸ். பதிவிலிருந்தோ பில்லிலிருந்தோ எடுங்கள். பில்லில் வெளியே போன அழைப்புகள் மட்டுமே இருந்தால், ரிசப்ஷனில் ஒரு நோட்டுப் போட்டு இரண்டு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள்.

ஒரு மருத்துவமனைக்குக் காலை 9 முதல் 10 மணிக்குள் 60 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 நிமிடம். சராசரியாகப் பார்த்தால் எந்நேரமும் 3 லைன் பேச்சில் இருக்கும். அப்படியானால் 3 லைன் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அழைப்பவர்கள் வரிசை கட்டி வருவதில்லை, ஒரே நிமிடத்தில் ஐந்து பேர் அழைப்பார்கள். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் இதற்கு 1917-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். அதன்படி 3 லைன் வைத்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் பிஸி டோன்தான் கேட்பார்கள். 5 லைன் என்றால் நூற்றுக்கு 11 பேர். 8 லைன் வைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 30 பேச்சு வழி உள்ள பி.ஆர்.ஐ. லைனை ஒருவர் உங்களிடம் விற்க வந்தால், இந்தக் கணக்கை எடுத்து அவர் முன் வையுங்கள். இணையம் வழியே வரும் எஸ்.ஐ.பி. டிரங்க் என்றால் 8 வழியோடு தொடங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம்.

2. யூ.சி. லைசென்ஸை ஆள் கணக்கில் வாங்காதீர்கள், வேலை பார்த்து வாங்குங்கள். உதாரணத்துக்கு, தலைக்கு மாதம் 500 ரூபாய் என்று வையுங்கள். 40 பேருக்கு ஐந்து ஆண்டில் 12 லட்சம். வீடியோ கூட்டமும் மொபைல் ஆப்பும் உண்மையில் தேவைப்படுவது 15 பேருக்குத்தான் என்றால் அது நாலரை லட்சமாகிவிடும். வாட்ச்மேன் அறைக்கும் குடோனுக்கும் கேன்டீனுக்கும் சாதாரண இன்டர்காம் போதும். ஒரு சிறிய கேட்வே பெட்டி வைத்தால் பழைய போன்களையே புதிய ஏற்பாட்டில் சேர்த்துவிடலாம்.

இந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மில்லோ வியாபாரமோ என்றால் பெரும்பாலும் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் தரும் சேவைக்குப் பெரும்பாலும் வரிவிலக்கு இருப்பதால் அவர்களுக்கு அந்த வரவு கிடைக்காது, 18 சதவீதமும் செலவுதான். இதைச் சேர்க்காமல் அனுப்பிய பட்ஜெட் ஆடிட்டர் மேசையிலிருந்து அப்படியே திரும்பி வரும்.

ஆஸ்டரிஸ்க் போன்ற இலவச எக்ஸ்சேஞ்ச் மென்பொருளை வைத்துச் சொந்தமாகவே நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல வழிதான். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தையும் பட்ஜெட் தாளில் எழுதுங்கள்.

3. வேகமான நெட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட்தான் போகும். 8 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்.பி.பி.எஸ். ஆகாது. வேண்டியது சீரான இணைப்பு. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவார்கள். ஆகவே ஒரே பெரிய இணைப்புக்குக் கொடுக்கும் காசை இரண்டு கம்பெனிகளின் இரண்டு சிறிய இணைப்புகளுக்குக் கொடுங்கள். இரண்டு கேபிளும் தெருவில் ஒரே பள்ளத்தில் வருகிறதா என்று இறங்கிப் போய்ப் பாருங்கள். அப்படி வந்தால், ஜே.சி.பி. தோண்டும்போது இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும்.

4. கரண்ட். பழைய செம்புக் கம்பிப் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பியில் வந்தது, கரண்ட் போனாலும் போன் பேசியது. ஐபி போனுக்கு அப்படி இல்லை. சுவிட்ச், ரௌட்டர், ஃபைபர் பெட்டி மூன்றில் எது அணைந்தாலும் முழு ஆபீஸும் ஊமை. மூன்றுக்கும் யூ.பி.எஸ். போடுங்கள். பேட்டரி மாற்றும் செலவை மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில் இப்போதே எழுதிவிடுங்கள்.

5. உங்கள் எண்ணுக்கு ஒரு விலை உண்டு. மொபைலில் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011-ல் நாடு முழுக்க வந்துவிட்டது. லேண்ட்லைனுக்கு அது இல்லை. வேறு கம்பெனியின் சேவைக்குப் போனால் புதிய எண். பெயர்ப்பலகை, பில் புத்தகம், பை, லாரியின் பக்கவாட்டு என்று பழைய எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். ஊரில் இருபது வருடமாகப் புழங்கும் எண் அது. டைரியில் எழுதி வைத்திருக்கும் வயதானவர் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார். அந்த லைனைக் குறைந்தது ஓராண்டாவது உயிரோடு வைத்து, வரும் அழைப்பைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். வாடகை வீண் என்று மேலிடம் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. வெளிநாட்டுக்குப் பேசும் தேவை இல்லையென்றால் முதல் நாளே ஐ.எஸ்.டி.யை அடைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு பலவீனமான ஐபி எக்ஸ்சேஞ்சைத் தேடிப்பிடித்து, ஆளில்லாத சனி ஞாயிறில் வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துப் பில்லை ஏற்றும் கும்பல்கள் உண்டு. தினசரி உச்சவரம்பு வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

7. ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பயிற்சி தர ஒரு தொகை ஒதுக்குங்கள். கொட்டேஷனில் இந்த வரி இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அழைப்பை மாற்றுவது, காத்திருக்க வைப்பது, எடுக்காமல் போன அழைப்புகளின் பட்டியலைப் பார்த்துத் திருப்பி அழைப்பது என எல்லாவற்றையும் அவர் கையால் செய்து பார்க்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மாதம் சோதனைக்குக் கேளுங்கள், நல்ல கம்பெனி தரும். அந்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை முழுக்க அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்தப் பட்டன் அவருக்குச் சிரமமாக இருக்கிறது, எந்த அழைப்பு இரண்டு முறை கைமாறுகிறது, எது எடுக்கப்படாமலே அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு கொட்டேஷன்களை மறுபடி எடுத்துப் பாருங்கள்.