தலைமைப் பண்பு: பழகிப்போன நம்பிக்கைகளும் பினாங்கின் சான்றுகளும்

நல்ல தலைவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும்: கம்பீரமான குரல், அசையாத உறுதி, கையில் ஒரு பதவி, கூடப் பிறந்த ஆளுமை. தமிழ்ப்பள்ளியில் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுப்பது முதல் கோயில் நிர்வாகக் குழுத் தேர்தல் வரை இதை வைத்தே ஆட்களை எடைபோடுகிறார்கள். தன்முனைப்பு முகாம்களிலும் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லித் தருகிறார்கள். பினாங்கின் கடந்த நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இந்தப் பட்டியலோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை.

நம்பிக்கை: பதவி இருந்தால்தான் தலைமை தாங்க முடியும்.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. விமானத் தாக்குதல் என்றால் என்னவென்று அறியாத மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்ததால் உயிர்ச்சேதம் மிகுந்தது. தாக்குதல் அடுத்தடுத்த நாள்களிலும் தொடர்ந்தது. டிசம்பர் 16, 17 வாக்கில் இரவோடு இரவாக ஐரோப்பியர்களைக் கப்பலேற்றிவிட்டு பிரிட்டிஷ் நிர்வாகம் தீவைக் கைவிட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எவருக்கும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்தபோது அதிகாரிகள் எவரும் இல்லை. காவல் இல்லாத நகரில் கொள்ளை தலைதூக்கியது.

அந்த நிலையில் நகரைக் கையில் எடுத்தவர் ஒரு பத்திரிகையாளர். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கொழும்பு மாநகரின் முதல் மேயர் ரத்னசோதி சரவணமுத்துவின் சகோதரர். அரசு அவருக்கு எந்த அதிகாரமும் கொடுத்திருக்கவில்லை. பல இனத்துப் பிரமுகர்களும் சேர்ந்து அமைத்த பினாங்கு சேவைக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். ஒழுங்கைக் காப்பது, உணவுக்கு வழி செய்வது என்று அரசு செய்ய வேண்டிய வேலைகள் அந்தக் குழுவின் தலையில் விழுந்தன. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் இன்னும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கியவரும் சரவணமுத்துதான். எதிர்க்க ஆளில்லாத ஊரின் மீது மேலும் குண்டு விழாமலிருக்க அது தேவைப்பட்டது. டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை ஊருக்குள் வந்தது. பின்னர் ஜப்பானியர் அவரைச் சிறையிலும் அடைத்தார்கள்.

அதே நாள்களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கின் பொதுமக்களில் பலர் வெளியேற்றப்பட்டுவிட்டதாக வானொலியில் பேசினார். வெளியேறியவர்கள் யார் என்பது பினாங்குக்குத் தெரியும். மலாயா முழுக்க அந்தப் பேச்சு கசப்பை விதைத்தது. பதவி கூப்பரிடம் இருந்தது, நம்பகத்தன்மை ஆசிரியரிடம் இருந்தது. சரவணமுத்து சொன்னதை ஊர் கேட்டதற்கு, பத்திரிகை வழியே பழகிய பெயரும், மற்றவர்கள் போன பிறகும் அவர் அங்கேயே இருந்ததும் காரணங்கள். போருக்குப் பின் அவர் இலங்கையின் தூதராகப் பணியாற்றினார். பதவி வந்தது அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: உறுதியான தலைவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்.

1879இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர் வூ லியென் தே. 1910 டிசம்பரில், 31 வயதில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. எலியும் அதன் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியும்தான் கொள்ளைநோயைப் பரப்பும் என்பது அன்றைய மருத்துவ உலகின் பாடம். வூ ஒரு பிரேதப் பரிசோதனை செய்து, நுரையீரலில் கிருமியைக் கண்டார். இது மூச்சு வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வகை என்ற முடிவுக்கு வந்தார். படித்து வந்த பாடத்தைச் சான்றுக்கு முன் கைவிட்டார். மெல்லிய துணி அடுக்குகளுக்கு இடையே பஞ்சு வைத்த எளிய முகக்கவசத்தை எல்லாரும் அணிய வேண்டும் என்றார்.

அவரைவிட மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார், சில நாள்களில் அதே நோய்க்கு இரையானார். உறுதி இருவரிடமும் இருந்தது. மெனியின் உறுதி தன் அனுபவத்தின் மீது, வூவின் உறுதி கண்முன் கிடந்த சான்றின் மீது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

உறைபனியில் மண்ணைத் தோண்ட முடியாததால் ஆயிரக்கணக்கான பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. எரிப்பது சீன மரபுக்கு எதிரானது. வூ தன்னிச்சையாக எரியூட்டிவிடவில்லை. அரசவைக்கு எழுதி, பேரரசின் அனுமதி வந்த பிறகே 1911 ஜனவரி இறுதியில் எரிக்கச் செய்தார். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா வட்டாரத்தில் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். பிற்காலத்தில் மலாயாவுக்குத் திரும்பிய வூ, 1960இல் பினாங்கில் காலமானார்.

நம்பிக்கை: மேடையில் முழங்கத் தெரிந்தவரே தலைவர்.

இதில் பாதி உண்மை உண்டு. கலகலப்பாகப் பேசிப் பழகுகிறவர்கள் தலைவர்களாகத் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதை 2002இல் டிமதி ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். தேர்ந்தெடுக்கப்படுவது வேறு, நன்றாக நடத்துவது வேறு. 2011இல் ஆடம் கிராண்ட் உள்ளிட்ட மூவர் அமெரிக்காவின் பிட்சா கடைகளை ஆராய்ந்தார்கள். ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்யும் கடைகளில் கலகலப்பான மேலாளருக்கு லாபம் கூடியது. ஊழியர்களே யோசனை சொல்லி முன்வரும் கடைகளில் அதே மேலாளரால் லாபம் குறைந்தது. அங்கே அமைதியாகக் கேட்டுக்கொள்பவரே மேலாக இருந்தார். பேச்சாளர்களைக் கொண்டாடியே பழகிய தமிழ்ச் சமூகத்துக்கு இது கொஞ்சம் உறுத்தலான செய்தி.

நம்பிக்கை: தலைமை பிறவிக் குணம், தோற்றவர் தலைவரல்லர்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், தலைமைப் பொறுப்புக்கு வருவதில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடு என்று தெரிகிறது. மிச்சமெல்லாம் சூழலும் வாய்ப்பும் அனுபவமும். தலைவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் நிலையான குணப் பட்டியல் எதுவும் இல்லை என்பதை ரால்ஃப் ஸ்டாக்டில் 1948லேயே எழுதினார்.

தோற்றவரும் தலைவராகலாம் என்பதற்கு லிம் சோங் இயூ ஒருவரே போதும். 1958இல் மலாயாச் சீனர் சங்கத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டே தொகுதிப் பங்கீட்டில் கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானோடு முரண்பட்டு விலக நேர்ந்தது. 1962இல் தொடங்கிய புதிய கட்சியும் பெரிதாக எடுபடவில்லை. 1969இல்தான் கெராக்கான் கட்சியின் வழியே பினாங்கின் முதலமைச்சரானார். வேலையின்மை வாட்டிய தீவில் 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 21 ஆண்டுகள் ஆண்டவர் 1990இல் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இந்த வாழ்க்கையை எந்தத் தேதியில் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும்.

நம்பிக்கை: ஒருவர் தம் இனத்தாருக்கு மட்டுமே தலைவராக முடியும்.

மலேசியாவில் இது கிட்டத்தட்டப் பொது அறிவாகவே ஆகிவிட்டது. 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது, சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த ஊரின் முதல் மேயரானவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன். முன்பு ஸ்காட் சாலையாக இருந்தது இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அன்றைய மாநகர் மன்றம் குடிநீர், மின்சாரம், பேருந்து என்று அன்றாடத் தேவைகளைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்விக்கு இனம் கிடையாது. 1960களின் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட பிறகு அத்தகைய மேயர்கள் வாக்குப்பெட்டி வழியே வர வழியில்லாமல் போயிற்று.

நம்பிக்கை: தலைவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் ஒரு வணிகர். பல்கலைக்கழகப் படி ஏறியவர் அல்லர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தொடக்க காலத்திலேயே அதன் தலைவராகி, 2019இல் 92 வயதில் மறையும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தமக்குத் தெரியாத பொருளாதாரத்துக்கும் சட்டத்துக்கும் அறிவியலுக்கும் தெரிந்த இளைஞர்களைச் சேர்த்தார். அவர்களில் ஒருவர், பின்னாளில் உலக வணிக விவாதங்களில் வளரும் நாடுகளின் குரலாக அறியப்பட்ட மார்ட்டின் கோர்.

வேலை நடந்த விதத்துக்கு கோலா ஜூரு ஓர் எடுத்துக்காட்டு. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் கலந்து அந்த மீனவக் கிராமத்தின் பிழைப்பைக் கெடுத்தது. சங்கத்தார் கிராமத்துக்குப் போய் மீனவர்களின் முறையீடுகளைக் கேட்டு, அவற்றைப் பதிவுசெய்து பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். மீனவர்கள் தங்களுக்குள் கூட்டுறவு அமைத்துச் சிப்பி வளர்ப்பில் இறங்கினார்கள். ஆற்றைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் மீனவர்களே என்பதை ஏற்றுக்கொண்டதால் நடந்த வேலை இது.

இத்ரிஸைப் பற்றி எழும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. ஒரே ஆள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு தலைமையில் இருப்பது நல்ல அமைப்புக்கு அழகா? பல இயக்கங்கள் இதனாலேயே தலைவரோடு சேர்ந்து மறைந்திருக்கின்றன. இந்தச் சங்கத்தில் அப்படி நடக்கவில்லை. நெடுநாள் உடன் பணியாற்றிய முகைதீன் அப்துல் காதர் தலைமையை ஏற்க, சங்கத்தின் வேலை தொடர்ந்து நடந்தது.