போன வழியே திரும்பி வருவது எப்படி?
(சார்பும் நேர்மாறும் – பரீட்சைக்கு ஒரு மீள்பாடம்)

சகோதர வணிகர்களே,

எஸ்.பி.எம். பரீட்சையில் கூடுதல் கணிதம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு நான்காம் படிவப் புத்தகத்தின் முதல் பாடமே சார்பு என்பதாகும். மலாயில் ‘ஃபுங்சி’ என்பார்கள். அதன் கடைசிப் பகுதி நேர்மாறு சார்பு, அதாவது ‘ஃபுங்சி சொங்சாங்’. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிவிட்டுக் கடைக்கு வந்துவிட்ட நமக்கு இந்தப் பாடத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற விடுமுறையில் நம் மகன் கல்லாவில் இருந்தான். தெரிந்த வியாபாரி ஒருவர் நாற்பது கைலி கேட்டு வந்தார். அவருக்குக் கொள்முதல் விலைக்கே கொடுப்பது நம் வழக்கம். கைலியில் ஒட்டியிருந்த விற்பனை விலை 63 வெள்ளி. சிட்டை கைக்கு அகப்படவில்லை. கொள்முதலோடு நூற்றுக்கு இருபது சேர்த்து, அதன்மேல் வண்டிக் கூலிக்கு 3 வெள்ளி வைப்பது நம் கடைக் கணக்கு என்று பையனுக்குத் தெரியும். அவன் 63-ஐ 1.2-ஆல் வகுத்தான், 52.50 வந்தது. அதில் 3 கழித்து, 49.50 என்று கொடுத்துவிட்டான். உண்மைக் கொள்முதல் 50 வெள்ளி. நாற்பது கைலிக்கு 20 வெள்ளி நட்டம்.

“இத்தனை வருஷம் படித்து இதுதானா?” என்று கடிந்துகொண்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அத்தா, பள்ளிக்கூடத் தேர்விலும் எனக்கு இந்த இடத்தில்தான் மார்க் போயிற்று. கூடுதல் கணிதத்தை விட்டுவிடட்டுமா?” என்றான்.

அன்றிரவு கடையை அடைத்தபின் நாமே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 63-இல் நூற்றுக்கு இருபது தள்ளினோம், 50.40. பிறகு 3 தள்ளினோம், 47.40! நம் கணக்குப்படி விற்றிருந்தால் நட்டம் 104 வெள்ளி. வெட்கமாகப் போய்விட்டது. மகனை எழுப்பி, புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். அன்று தொடங்கி இருவரும் சேர்ந்து படித்ததையே கீழே தருகிறோம்.

1. சார்பு என்றால் என்ன?

ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒரு விதிப்படி ஒரே ஒரு விடையைத் தருவது சார்பு. புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்துக்களால் குறித்திருப்பார்கள். நாம் இங்கே சார்பை ‘ச’ என்றும், உள்ளே போகும் எண்ணை ‘அ’ என்றும், வெளியே வரும் எண்ணை ‘ம’ என்றும் குறிப்போம். நம் கடைக் கணக்கு இதுதான்:

ச(அ) = 1.2அ + 3

50 போட்டால் 60 + 3 = 63. ஆகவே ச(50) = 63.

2. நேர்மாறு என்றால் என்ன?

63-ஐக் கொடுத்து 50-ஐத் திரும்பப் பெறுவதே நேர்மாறு. இதை ச⁻¹ என்று எழுதுவார்கள். மேலே இருக்கும் ‘−1’ அடுக்கு அல்ல. ச⁻¹(63) என்பதை ‘63-இல் ஒரு பங்கு’ என்று எண்ணிப் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். அது 50 என்பதை மறக்கக்கூடாது.

திரும்பும்போது கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். சிப்பம் கட்டுகிறோம்: முதலில் துணியைக் காகிதத்தில் சுற்றுகிறோம், பிறகு கயிறு போடுகிறோம். பிரிக்கும்போது கயிற்றைத்தானே முதலில் அவிழ்க்கிறோம்? நம் விலையில் கடைசியாகக் கட்டிய கயிறு அந்த 3 வெள்ளி. ஆகவே முதலில் 63 − 3 = 60; பிறகு 60 ÷ 1.2 = 50.

ச⁻¹(அ) = (அ − 3) / 1.2

மகனுடைய தவறு வரிசையில். நம்முடைய தவறு அதைவிடப் பெரிது. 1.2-ஆல் பெருக்கியதை அவிழ்க்க 1.2-ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு இருபது தள்ளுவது அதற்கு ஈடாகாது. 100 வெள்ளிச் சரக்கில் இருபது விழுக்காடு ஏற்றினால் 120. அந்த 120-இல் இருபது விழுக்காடு இறக்கினால் 96 தான் மிஞ்சும்.

இரண்டு சார்புகளைச் சேர்த்த ‘ஃபுங்சி குபாஹான்’ என்பதற்கும் இதே சட்டம். ‘நப’ என்று எழுதியிருந்தால் முதலில் ‘ப’, பிறகு ‘ந’ செய்ய வேண்டும். அதன் நேர்மாறு ப⁻¹ந⁻¹. அதாவது முதலில் ‘ந’-வை அவிழ்த்து, பிறகு ‘ப’-வை அவிழ்ப்பது.

3. எல்லாவற்றுக்கும் நேர்மாறு உண்டா?

இல்லை. நம் கல்லாவே சாட்சி. 2008 ஏப்ரல் முதல் ரொக்க ரசீதின் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிசெய்து வாங்குகிறோம். 10.03, 10.04, 10.05, 10.06, 10.07 ஆகிய ஐந்து தொகைகளுக்கும் கல்லாவில் விழுவது 10.05 தான். போகும் வழி தெளிவாக இருப்பதால் அது சார்பு. ஆனால் 10.05-ஐ மட்டும் காட்டி, ‘முதல் தொகை என்ன?’ என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? இரண்டு எண்கள் ஒரே விடையில் வந்து சேர்ந்தால் நேர்மாறு கிடையாது.

வரைபடத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அளவுகோலைக் கிடையாக வைத்து மேலும் கீழும் நகர்த்துங்கள். எங்கேனும் கோட்டை இரண்டு இடத்தில் தொட்டால் நேர்மாறு இல்லை.

ச(அ) = (அ − 2)² + 1 என்பதில் 5 போட்டாலும் 10, −1 போட்டாலும் 10. ஆகவே நேர்மாறு இல்லை. ஆனால் ‘அ என்பது 2 அல்லது அதற்கு மேல்’ என்று கேள்வியில் கட்டுப்பாடு இருந்தால் ஒரு வழி அடைபடுகிறது; நேர்மாறு கிடைக்கிறது:

ச⁻¹(அ) = 2 + √(அ − 1); இதில் அ என்பது 1 அல்லது அதற்கு மேல்.

முதல் சார்பிலிருந்து வெளிவந்த எண்களே நேர்மாறுக்குள் போகும் எண்கள். இந்தக் கட்டுப்பாட்டை எழுதாமல் விட்டுப் பிள்ளைகள் மார்க்கை இழக்கிறார்கள்.

4. பரீட்சையில் வரும் வகை

ச(அ) = (3அ + 1) / (அ − 2); அ 2 ஆகாது. நேர்மாறு காண்க.

விடையை ‘ம’ என்று வைப்போம்: ம(அ − 2) = 3அ + 1.
விரித்தால்: மஅ − 2ம = 3அ + 1.
‘அ’ உள்ளதை ஒரு பக்கம் சேர்த்தால்: அ(ம − 3) = 2ம + 1.
ஆகவே: அ = (2ம + 1) / (ம − 3).
எனவே ச⁻¹(அ) = (2அ + 1) / (அ − 3); அ 3 ஆகாது.

இப்படி ஒரு பக்கத்தில் கழிபட்டு நிற்பதை மறுபக்கத்தில் கூட்டிச் சமன் செய்வதற்கு அரபியில் ‘அல்-ஜப்ர்’ என்று பெயர். கி.பி. 820 அளவில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள இச்சொல்லே இன்று ‘அல்ஜீப்ரா’ என்று வழங்குகிறது. வியாபாரத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் நில அளவைக்கும் உதவவே அவர் அந்நூலை எழுதினார். கடைக்காரனுக்கு அந்நியமான வித்தையன்று இது.

5. சரிபார்த்தல்

கணக்கை முடித்தவுடன் ஓர் எண்ணைப் போட்டுத் திரும்பி வரவேண்டும். மேற்கண்ட கணக்கில் 3 போட்டால் 10 ÷ 1 = 10. நேர்மாறில் 10 போட்டால் 21 ÷ 7 = 3. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம், விடை சரி. இதற்கு அரை நிமிஷம் போதும். நம் மகன் அன்று கல்லாவில் 49.50-ஐ விதியில் போட்டுப் பார்த்திருந்தால் 62.40 என்று வந்து, தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் செய்துபார்க்க ஒன்று: ச(அ) = (2அ + 7) / (அ − 4). இதன் நேர்மாறு (4அ + 7) / (அ − 2) என்று வரவேண்டும். 5 போட்டுச் சரிபார்க்கட்டும்.

நம் மகன் கூடுதல் கணிதத்தை விடவில்லை. பரீட்சை இனிமேல்தான், முடிவு எப்படி என்று இப்போது சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது அவன் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நாம் தப்புச் செய்தால் சிரிக்கிறான். அதுவே நமக்குப் பெரிய ஆதாயம்.

சகோதரர்களே, கல்லாவுக்கு ஆள் இல்லை என்று பரீட்சை மாதத்தில் பிள்ளைகளைக் கடைக்குக் கூப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாமும் கூப்பிட்டவர்தாம். சரக்கு விற்பனை ஒருநாள் குறைந்தால் மறுநாள் ஈடுகட்டலாம். பிள்ளையின் படிப்பில் கழிந்துபோன மாதத்துக்கு நேர்மாறு கிடையாது.