காவல் நாயை இனவிருத்தி செய்தற்குரிய காலம்

காட்டுப்பன்றி, குரங்கு முதலியவற்றினின்றும் பயிரைக் காத்தற்கு நாய் பெரிதும் உதவுகின்றது. நல்ல காவல் நாயின் குட்டியை வேண்டுவோர் பலர். ஆயினும், விதைநெல்லைத் தெரிவதிற் காட்டும் கவனத்தை நாயின் இனவிருத்தியிற் காட்டும் கமக்காரர் சிலரே.

பெட்டை நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதுக்குள் முதன்முறை வேட்கையடையும். இரத்தக் கசிவு கண்டவுடன் அது தாயாகத் தகுந்ததென எண்ணுதல் தவறாகும். அப்பொழுது அதன் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். யான் பார்வையிட்ட தோட்டமொன்றில், முதல் வேட்கையிலேயே சினைப்பட்ட நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. பால் போதாமையால் மூன்று இறந்தன. தாயும் எலும்புந் தோலுமாகி, அப்போகம் முழுவதும் காவலுக்கு உதவவில்லை.

ஆகவே, நாயைச் சேர்க்குமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. வயது: ஏறக்குறைய 2 வயது நிரம்பும்வரை பொறுத்திருத்தல் நன்று. ஒருமுறை ஈன்றபின், அடுத்த வேட்கையில் ஓய்வு கொடுக்க.

2. உடல்நலம்: சொறி, உண்ணி, குடற்புழு ஆகியன நீங்கியிருத்தல் வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசியை முன்னரே ஏற்றுவித்தல் அவசியம். மிருக வைத்தியரிடம் காட்டி அவர் சொற்படி நடக்க.

3. குணம்: காரணமின்றிக் கடிக்கும் நாயும், மிக அஞ்சும் நாயும் இனவிருத்திக்கு உதவா. கடுவனையும் இவ்வாறே ஆராய்க. உடன்பிறந்தவற்றை ஒன்றுசேர்த்தல் ஆகாது.

4. காலம்: சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். புரட்டாதியிற் சேர்ந்த நாய் கார்த்திகை மழையில் ஈனும். அப்பொழுது நனையாத இடமும் மிகுதியான உணவும் கொடுக்க இயலுமா எனச் சிந்திக்க.

5. குட்டிகளுக்கு இடம்: இதுவே முதன்மையானது. வளர்க்க விரும்புவோரை முன்னரே கேட்டு அறிந்துகொள்க. சந்தையிலும் தெருவிலும் விடப்படும் குட்டிகள் தடுப்பூசியின்றி வளர்கின்றன. அவற்றுள் ஒன்று விசர்கொள்ளின், அதன் கடிக்கு ஆளாவோருள் பலர் நம் சிறுவர்களே. நோய்க்குறி தோன்றியபின் அந்நோயினின்றும் பிழைத்தல் மிக அரிது.

வேட்கை ஏறக்குறைய 3 வாரம் நீடிக்கும். சேர்க்க விரும்பாத நாயை அந்நாட்களில் அடைத்து வைக்க. வெளியே கட்டிவைத்தல் போதாது; கடுவன் அதனைத் தேடி வரும்.

இவ்வைந்தும் பொருந்தாத நாய்க்குக் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தலே தக்கது. அதனால் அதன் காவற்றிறன் குன்றாது. நிலம் பண்படுமுன் விதைப்பவர் எவருமிலர். நாய்க்கும் அவ்விதியே பொருந்தும்.