பழைய சோடா இயந்திரத்தைப் புதுப்பிப்போர் கவனத்திற்கு

அமெரிக்காவில் 1950-களில், 5 சென்ட் நாணயத்தைப் பெற்றுக்கொண்டு குளிர்ந்த கோகோ கோலாப் புட்டியை அளித்துவந்த வெண்டோ, கவாலியர் முதலிய இயந்திரங்களைச் செப்பனிட்டுப் பூர்வ ரூபத்துக்குக் கொண்டுவருவதைப் பொழுதுபோக்காகக் கொள்வோர், அவசரத்தை விடுத்துக் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

● பிரிக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு பாகத்தையும் பல கோணங்களில் புகைப்படம் எடுத்து, கழற்றும் திருகாணிகளைப் பெயர் எழுதிய தனித்தனி டப்பாக்களில் இட்டு வையுங்கள்.

● நெடுங்காலம் ஓட்டமின்றிக் கிடந்த இயந்திரத்தை உடனே மின்சாரத்தில் இணைப்பது அபாயம். பழைய கம்பிகளின் ரப்பர் உறை, வளைத்த மாத்திரத்தில் பொடியாக உதிரக்கூடுமாகையால், அவற்றை மாற்றி, எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கைப் பொருத்திய பிறகே சோதிக்க வேண்டும்.

● அக்காலத்து வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். உலர்ந்தபடியே தேய்த்தால் அந்த விஷத்தூள் சுவாசத்தில் கலக்குமாதலால், நீர்விட்டுத் தேய்ப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும், குழந்தைகளை அண்டவிடாதிருப்பதும் அத்தியாவசியம்.

● இயந்திரத்தின் குளிர்சாதனத்தில் இருக்கக்கூடிய, ஓசோன் படலத்துக்குக் கேடு விளைக்கும் ஆர்-12 குளிர்வாயுவை வெளியே திறந்துவிடுவதை அமெரிக்கச் சட்டம் 1992 முதல் தடை செய்திருக்கிறது. அவ்வாயுவை அகற்றும் வேலையைச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள்.

● நாணயம் உருளும் பாதையில் எண்ணெய் விடலாகாது; எண்ணெயில் தூசு படிந்து நாணயம் சிக்கிக்கொள்ளும். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்துவதே போதும்.

● கதவின் ரப்பர் பட்டை ஓரத்தில் காகிதத் துண்டொன்றை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வெளிவருமாயின் பட்டையை மாற்றிவிடுங்கள்.

● பூர்வ வர்ணம் பெரும்பாலும் சேதமின்றி இருப்பின், புதிதாகப் பூசாமல் மெருகேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை சுரண்டிவிட்ட பழமையை எவ்வளவு பிரயாசைப்பட்டாலும் மீண்டும் பெற இயலாது.