செய்தியைப் படித்துக் கவிதை எழுதும் மகளுக்கு



நீ கொடுத்துவிட்டுப் போன நோட்டை முழுக்கப் படித்தேன். காசா, சூடான், அமேசான் காட்டுத் தீ, உருகும் பனிமலை, வெப்ப அலை. பேப்பரில் செய்தி வந்த அன்றைக்கே பெரும்பாலும் எழுதியிருக்கிறாய். ‘ஆறுமுகநேரியில் இருந்துகொண்டு காசாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?’ என்று கல்லூரியில் யாரோ கேட்டதாகச் சொன்னாயே, அதற்காக எழுதுவதை விட்டுவிடாதே. கேட்டவர்மேல் கோபப்பட்டுக் கேள்வியைத் தள்ளியும் விடாதே. தூரத்துச் செய்தியை எழுதுகிற எவரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். எட்டயபுரத்துப் பாரதி 1904-இல் சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். கடல் தாண்டி வரும் ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் வேலை. உலகச் செய்தி அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, சம்பளத்துக்குப் பார்த்த தொழில். அந்தப் பழக்கம் அவர் கவிதைக்குள்ளும் வந்தது.

‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டை எடுத்துக்கொள். அதில் வரும் பிஜித் தீவுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றத் தொடங்கியது 1879-இல். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. பாரதி பிஜியைக் கண்ணால் பார்த்ததில்லை; பார்த்தது போலப் பாவனையும் செய்யவில்லை. தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்று இடம் சொல்கிறார், என்ன வேலை என்று சொல்கிறார். பிறகு அங்கே உழைக்கும் பெண்களின் அழுகையைக் காற்று கேட்டிருக்குமே என்று காற்றைக் கூப்பிட்டுக் கேட்கிறார். போகாத இடத்துக்குத் தன் இடத்தில் ஒரு சாட்சியை அனுப்பியிருக்கிறார், பார்த்தாயா?

உன் காசாக் கவிதையில் ‘நான்’ என்று பேசுவது இடிபாட்டுக்குள் கிடக்கும் குழந்தை. அந்த ‘நான்’தான் எனக்கு இடிக்கிறது. இறந்துபோன பிள்ளையின் வாயால் பேச நமக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? அங்கே பேச ஆள் இல்லாமல் இல்லை. இலங்கையின் கல்முனைக்காரரான எம்.ஏ. நுஃமான் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்று 1981-லேயே தமிழில் கொண்டுவந்திருக்கிறார். முதலில் அதைத் தேடிப் படி. அந்த மண்ணின் கவிகள் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு உன் கவிதைக்குத் திரும்பி வா.

அதே வருஷம் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அதைப் பற்றி நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’யில் ஒப்பாரி கிடையாது. கனவில் புத்தரையே சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று தொடங்கி, அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று செய்தி வாசிப்பது போலவே சொல்லிக்கொண்டு போகிறார். குரல் உயராததால்தான் படிக்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. உன் கவிதைகளில் ‘ஐயோ’, ‘கொடூரம்’, ‘ரத்தக் கண்ணீர்’ எல்லாம் வருகின்றன. தலைப்புச் செய்தியே அவற்றைச் சொல்லியாகிவிட்டது. அவற்றை அடித்துவிட்டுப் பார், மிச்சம் என்ன நிற்கிறது என்று தெரியும்.

மறுபடி பாரதிக்கு வருகிறேன். 1914-இல் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அந்தச் சின்ன நாட்டின் வீரத்தைச் சொல்ல, முறத்தை எடுத்துப் புலியை அடிக்கும் குறத்தியை அவர் கொண்டுவந்தார். 1917-இல் ஜார் விழுந்தான் என்ற செய்தி வந்தபோது, ருஷியாவின்மேல் பராசக்தியின் கடைக்கண் பட்டது என்றார். தந்தி கொண்டுவந்தது செய்தியை மட்டும்தான். குறத்தியும் பராசக்தியும் இங்கிருந்து போனவர்கள். தந்தி அனுப்பியவனுக்குத் தெரியாத ஒன்று பாரதிக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொண்டுபோய்ச் செய்தியோடு சேர்த்தார். நான் உனக்குச் சொல்ல வருவதும் இவ்வளவுதான்: செய்திக்குத் தெரியாத எது உனக்குத் தெரியும்?

உன் வெப்ப அலைக் கவிதையையே பார்ப்போம். ‘பூமித்தாய் எரிகிறாள், சூரியனே, இரக்கம் இல்லையா’ என்று முடித்திருக்கிறாய். இதை லண்டனில் இருக்கிற ஒருவரும் எழுதலாம். உன் அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். சேலைக்கு மேல் சட்டையும் காலில் சாக்ஸுமாக, விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர். வெள்ளைவெளேரென்ற பாத்தியில் வெயில் பட்டுக் கண் கூசுவது உனக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. கடல்தண்ணீரின் அடர்த்தி 3 டிகிரி சொச்சம் இருக்கும். அது பாத்தி பாத்தியாக மாறிக் காய்ந்து 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு விளையும். அதற்கு வெயில் வேண்டும். காய்கிற வெயில் அம்மாவின் உடம்பைக் கெடுக்கிறது, அதே வெயில்தான் கூலியும் தருகிறது. காலம் தப்பி ஒரு மழை பெய்தால் உப்பும் போச்சு, வேலையும் போச்சு. சூரியனைத் திட்டிவிட்டுப் போவது உன் வீட்டில் அத்தனை சுலபமா? அந்தச் சிக்கலை எழுது. உலகத்து வெப்ப அலைச் செய்தி எதிலும் இல்லாத வரி அங்கே இருக்கிறது.

இன்னொன்று. மாலத்தீவு மூழ்கப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லி ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. கடல் மட்டம் ஏறியது மட்டுமா காரணம்? சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். எடுத்தவர்களும் நம் ஆட்கள், அவர்களுக்கும் அது வயிற்றுப்பாடு. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. குற்றவாளி எங்கோ தூர தேசத்தில் இருக்கிறான் என்று எழுதும்போது கவிதைக்கு வேலை குறைவு. நம் பங்கும் அதில் உண்டு என்று தெரிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் கை தயங்கும். அந்தத் தயக்கம் நல்லது.

நோட்டில் 2023 டிசம்பர் ஏன் இல்லை? பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலை நாடு முழுக்க டி.வி.யில் காட்டினார்கள். அந்த வாரம் மற்ற ஊர்க்காரர்களுக்கு நாம்தான் தூரத்துச் செய்தி. செய்தியில் வந்தது எது, வராமல் போனது எது என்று உனக்குத் தெரியும். நம்மைப் பற்றி யாராவது எப்படி எழுதியிருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும் என்று யோசி. சூடானைப் பற்றி எழுதும்போது அந்தக் கணக்கை உனக்கே போட்டுக்கொள்.

நடைமுறையில் சில விஷயம். வாட்ஸ்அப்பில் வருகிற படத்தை நம்பிக் கவிதை எழுதாதே. வேறு வருஷத்துப் படம், வேறு நாட்டுப் படம் எல்லாம் புதுச் சண்டையின் பெயரில் சுற்றுகிறது. கவிதையில் எண் வந்தால், அது எந்தத் தேதிக் கணக்கு என்று குறித்து வை. தலைப்போடு நிறுத்தாமல் செய்தியைக் கடைசிப் பத்திவரை படி. நிருபர் நேரில் பார்த்த சின்ன விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முடிந்தால் போய்ப் பார். ராஜம் கிருஷ்ணன் இந்த ஊர்க்காரர் இல்லை. தூத்துக்குடிக்கு வந்து, உப்பளத்து மக்களோடு பழகிக் கேட்ட பிறகுதான் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். காசாவுக்கு நீ போக முடியாது, அளத்துக்குப் போகலாமே.

நோட்டில் எதையும் கிழித்துப் போடாதே. வெப்ப அலைக் கவிதையை முதலில் கையில் எடு. திருத்தி எழுதி, அம்மாவுக்குப் படித்துக் காட்டு. ‘நல்லாருக்கு’ என்று சொன்னால் அதை நம்பாதே. ‘அந்நேரம் நாங்க பாத்தியில நிக்க மாட்டோமே’ என்பது போல ஏதாவது சொன்னால் உடனே குறித்துக்கொள். அதைச் சரிசெய்துவிட்டு மற்ற தேசங்களுக்குப் போ. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
ஊர்ப் பெரியவர் ஒருவர்